எலிக்குப் பேய் வேஷம் கட்டிய காலம்

ரியாத்தில் பத்தா பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் போன வாரம் வீடியோ காலில் வந்தார்கள். அங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் அவர்களுக்கு வேலை. கார்ட்டூன் உருவங்களின் உடுப்புக்குள் நின்று பிள்ளைகளுக்குக் கை கொடுப்பது. நான் துபாயில் பல வருடம் செய்து, முட்டி தேய்ந்து, ஓய்வு பெற்று வந்த அதே வேலை. அவர்கள் பூங்காவில் இந்த வருடம்தான் முதல்முறையாக ஹாலோவீன் வைக்கிறார்களாம்.

"அண்ணாச்சி, எப்பவும் ஓடி வந்து கட்டிப் பிடிக்கிற பிள்ளைவ, இந்தப் பேய் உடுப்பப் போட்டதும் அலறிக்கிட்டு ஓடுதுவ. மேனேஜர் எங்களப் பாத்து மொறைக்காரு. என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றான் ஒருவன்.

தெரிந்ததைச் சொன்னேன். முட்டி போடு, கையை முன்னால் காட்டு, நீ போகாதே, பிள்ளை வரட்டும் என்றேன். போனை வைத்த பிறகுதான் உண்மையில் சொல்ல வேண்டியது எதையும் சொல்லவில்லை என்று தோன்றியது. அது போனில் சொல்லக்கூடியதும் இல்லை.

நான் உடன்குடிக்காரன். எங்கள் பக்கத்தில் வேஷம் கட்டுவது விளையாட்டுக் காரியம் கிடையாது. குலசை அம்மன் கோயில் தசராவுக்கு என் மாமா விரதம் இருந்து காளி வேஷம் கட்டுவார். அந்த நாட்களில் அவரைப் பெற்ற தாயே அவர் காலைத் தொட்டுத் திருநீறு வாங்குவாள். அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் முகத்தை மூடினால் என்ன நடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைத்திருந்தேன். துபாயில்தான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது.

வளைகுடாவுக்குப் போனது ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டி அடுக்கும் வேலைக்கு. நான் ரொம்பக் குள்ளம். இரண்டாவது தட்டுக்கு மேலே கை எட்டாது. ஃபோர்மேன் முதல் கேம்ப் சமையல்காரர் வரைக்கும் என்னை இந்தியில் "சோட்டு", குட்டிப்பயல், என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் எங்கள் கம்பெனிக்காரர்களே நடத்திய உள்ளரங்கப் பூங்காவிலிருந்து ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வந்தார். கேம்ப் சாப்பாட்டு அறையின் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே தலை நிற்கிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள் என்றார். நான் மட்டும்தான் அந்தப் பக்கம் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக உயரமானவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

அவர் பெயர் மரிசெல். பூங்காவில் உருவங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் மேற்பார்வையாளர். என்னை எலியாக்கினார். எந்த எலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் காலத்திலிருந்து உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தவன் அவன். பெரிய காது, வெள்ளைக் கையுறை, நீள வால். பயிற்சி என்று சில மாதங்கள் போயின. எலி மாதிரி நடக்க, எலி மாதிரி வெட்கப்பட, எலி மாதிரி யோசிக்கக் கற்றுக்கொண்டேன். அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது உடுப்பு போடும் முறையைத்தான். முதலில் பருத்தி உள்ளாடை. அதற்கு மேல் பனிக்கட்டிப் பொட்டலங்கள் செருகிய மேலங்கி. பிறகு தொப்பை வைத்த உடம்பு, செருப்பு, கையுறை. தலை கடைசியில். எலியின் சிரித்த வாய்க்குள் ஒரு கறுப்பு வலை இருக்கும், அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நேர் எதிரே கொஞ்சம் தெரியும், கீழே கொஞ்சம் தெரியும். மேலே ஒன்றும் தெரியாது. அதனால் பெரியவர்கள் என் கண்ணுக்கு வெறும் இடுப்பும் கைப்பையும்தான். பிள்ளைகளின் முகம் மட்டும் முழுசாகத் தெரியும். தலையை மாட்டிய நொடியில் உலகத்தில் பிள்ளைகள் மட்டும்தான் மிச்சம் இருப்பார்கள்.

விதிகள் கொஞ்சம்தான். எலி பேசமாட்டான். தலையை யார் முன்னாலும் கழற்றமாட்டான். பிள்ளையைத் தூக்கமாட்டான். கூட வருபவர் முழங்கையை அழுத்தினால் கலாஸ், அரபியில் முடிந்தது என்று அர்த்தம், திரும்பிவிட வேண்டும். நான் மார்பில் இரண்டு கையையும் குறுக்காக வைத்தால் எனக்கு முடியவில்லை என்று அர்த்தம்.

மரிசெல் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. அரைகுறை இந்தியும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசுவார். நான் வெளியே போகும் முன் ஒவ்வொரு தடவையும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்ப்பார். பிள்ளைகள் பார்ப்பது தாடைக்கு அடியிலிருந்துதானே, அங்கே தையல் தெரிகிறதா, கழுத்தில் தோல் தெரிகிறதா என்று கவனிப்பார். தலை மாட்டும் வரைக்கும் நான் "முருகா பாய்". மாட்டிய பிறகு "மவுஸ்". உடுப்பு அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். ஒருதடவை தலைக்குள்ளிருந்தே, "மேடம், தண்ணி" என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "யாரோ பேசுகிறார்கள், மவுஸ். உனக்குக் கேட்டதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் வந்தால் பூங்கா ஹாலோவீனுக்கு மாறும். வெள்ளைக்காரர்கள் பேய் வேஷம் போட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற பண்டிகை அது. கூரையில் துணி வவ்வால்கள், வழியெல்லாம் ஆரஞ்சு நிறப் பூசணிக்காய்கள். எலிக்கும் வருடம் ஒரு வேஷம். முதல் வருடம் இரத்தக்காட்டேரி: கறுப்பு மேலங்கி, உள்ளே சிவப்புத் துணி, வாயோரம் இரண்டு கோரைப்பல். எனக்கே கண்ணாடியில் பார்க்கக் கொஞ்சம் திக்கென்றது. பிள்ளைகள் ஓடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே போனேன்.

அப்படியே ஓடினார்கள். ஒரு சின்னப் பையன் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். நான் முட்டி போட்டுக் கையை முன்னால் வைத்துக் காத்திருந்தேன். அவன் மெல்ல வந்து மேலங்கியின் நுனியைத் தூக்கினான். அடியில் எலியின் அதே பெரிய செருப்பு, அதே வால். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். ஓடிப்போன தன் அக்காவைப் பார்த்து, "பேய் இல்ல! நம்ம எலி! சும்மா பயங்காட்டுது!" என்று இந்தியில் கத்தினான். அவ்வளவுதான், எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் போகவில்லை. எலி பேய் வேஷம் போட்டிருக்கிறான் என்பதை அந்தப் பையன் கண்டுபிடித்துவிட்டான். அவனை ஏமாற்ற முடியவில்லை. ஆனால் எலிக்குள்ளே உடன்குடி முருகன் இருக்கிறான் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. பேய் பொய், எலி நிஜம். பத்தா பையன்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். பயமுறுத்துகிற உடுப்புக்கு அடியில் எலி அங்கேயே இருக்கிறான் என்று பிள்ளைக்கு ஒரு துளி காட்டிவிட்டால் போதும்.

பெரியவர்களும் அப்படித்தான். இன்னொரு அக்டோபரில், எலிக்குச் சூனியக்காரன் தொப்பி வைத்திருந்த வருடம், வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட ஓர் அமீரகக் கிழவர் தடி ஊன்றிக்கொண்டு தனியாக வந்தார். அவர்கள் ஆண்கள் சந்தித்துக்கொண்டால் மூக்கோடு மூக்கை வைத்து மரியாதை செய்வது வழக்கம். அவர் நேராக என் முன்னால் வந்து, தடியை என்னுடன் வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, எலியின் கறுப்பு மூக்கில் தன் மூக்கை வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை, விளையாட்டில்லை. ஒத்த வயதுக்காரனைப் பார்த்த மாதிரி அரபியில் இரண்டு வார்த்தை நலம் விசாரித்தார். பிறகு தடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி இனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கும் பிந்திய ஒரு வருடம், எலிக்கு மறுபடியும் காட்டேரி வேஷம். அரங்கத்துக்குள் மரப்பலகையாலும் இரும்புக் குழாயாலும் ஒரு பேய் மாளிகை கட்டியிருந்தார்கள். முகப்புச் சுவர் ஒரு மாடி உயரம். அதன் உச்சியில் விளக்கு மாட்டுபவர்கள் நடக்க ஒரு ஒற்றைப் பலகை ஓடியது. ஒரு முனையில் சின்ன மேடை, மேடைக்குப் பின்புறமாக ஒரு இரும்பு ஏணி. மறுமுனையில் ஒன்றும் கிடையாது. கீழே சிமெண்டுத் தரை.

பிற்பகல். காட்டேரி மேலங்கியோடு நான் வாசலில் நின்றிருந்தேன். மாளிகைக்குள் எலும்புக்கூடு ஒன்று கிறீச்சென்று கத்திக்கொண்டு பெட்டியிலிருந்து எழும். அது எழுந்த சத்தத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி தாயின் கையை உதறிவிட்டு, கறுப்புத் திரைக்குப் பின்னால் புகுந்து, ஏணியைக் கண்டு ஏறிவிட்டாள். மேடையோடு நிற்கவில்லை. பலகையில் ஊர்ந்து மறுமுனைக்கே போய், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சத்தத்தை நிறுத்தினார்கள், விளக்கையெல்லாம் போட்டார்கள். மேலே நடந்தது எனக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மின்வேலைக்காரர் ஒருவர் மேடையில் ஏறி, "கம், பேபி, கம்" என்றார். பிள்ளை பின்னால் நகர்ந்தாள். ஒரு பாதம் பலகைக்கு வெளியே வந்துவிட்டது. செக்யூரிட்டி கீழேயிருந்து கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். தாய் "இனியா! இனியா!" என்று கதறினாள். அதற்கும் நகர்ந்தாள். தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அவர்கள் வந்து சேர வேண்டுமே.

மரிசெல் மின்வேலைக்காரரைக் கீழே இறக்கிவிட்டு, எல்லோரையும் வாய் மூடச் சொன்னார். பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து பஞ்சு மெத்தைகளைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து பலகைக்குக் கீழே போடச் சொன்னார். பிறகு தாயைத் தனியே கூட்டிப்போய், உங்கள் மகளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, சத்தம் என்றால் ஆகாது, இந்த எலி கார்ட்டூனைத் தவிர எதையும் பார்க்கமாட்டாள், அதையும் சத்தத்தை மூடிவிட்டுத்தான் பார்ப்பாள் என்று தாய் சொல்லியிருக்கிறாள்.

மரிசெல் வந்து என் முழங்கையைப் பிடித்து ஒரு மறைவுக்கு இழுத்துப் போனார். என் மேலங்கியை அவிழ்த்தார், கோரைப்பற்களைப் பிய்த்தார். எப்போதும் தரையில் உட்கார்ந்து பார்ப்பவர் அன்றைக்கு ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி நின்று மேலிருந்து என்னைப் பார்த்தார். பிடரியில் துணி விலகியிருந்ததை இழுத்துச் சரி செய்தார். பிறகு காதோரம் குனிந்து சொன்னார்.

"மவுஸ், ஒரு பிள்ளை மேலே மாட்டிக்கொண்டிருக்கிறாள். பேசுகிறவர்கள் எல்லோரும் அவளை விரட்டுகிறார்கள். நீதான் பேசாதவன். போ. அவசரப்படாதே."

நடந்து போனேன். முதல் கஷ்டம், எனக்கு மேலே தெரியாது. பிள்ளை இருக்கிறாளா, விழப் போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மெத்தைகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். அப்போதுதான் வலைக்குள் அவள் வந்தாள். மஞ்சள் கவுன், காதைப் பொத்திய இரண்டு சின்னக் கைகள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் காதைப் பொத்தப் பார்த்தேன். எலியின் காது தலை உச்சியில், என் கை கன்னத்துக்கு மேல் எட்டாது. எம்பினேன், முடியவில்லை. கையுறையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு கையைக் காதிலிருந்து எடுத்தாள். நானும் ஒரு கையை எடுத்தேன். அவள் இன்னொன்றை எடுத்தாள். நானும் எடுத்தேன். அவள் கையைப் பலகையில் ஊன்றினாள். நான் தரையில் ஊன்றினேன்.

அவள் செய்ததையெல்லாம் நான் செய்தேன். பிறகு, எப்போது என்று எனக்கே தெரியவில்லை, நான் செய்ததை அவள் செய்ய ஆரம்பித்திருந்தாள். நான் குப்புறத் திரும்பி மேடை இருக்கும் பக்கமாக ஒரு கை ஊர்ந்தேன். மறுபடி மல்லாந்து பார்த்தேன். அவளும் ஒரு கை ஊர்ந்திருந்தாள். இன்னொரு கை. மல்லாந்து பார்த்தேன். வந்துகொண்டிருந்தாள். இதற்குள் தாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி மேடையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தனை பேர் கூடியிருந்த அரங்கத்தில் குளிர்சாதனக் காற்றின் இரைச்சல் மட்டும்தான்.

பாதிப் பலகைக்கு மேல் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். நான் ஊர்ந்தேன், அவள் வரவில்லை. மறுபடி ஊர்ந்தேன். அவள் உடம்பை முன்னால் இழுத்தாள், பலகை ஆடியது. அவள் வாய் கோணிக்கொண்டு வந்தது. எனக்கு என்னவென்று தெரியவில்லை. கீழே நின்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அப்போது மேடையிலிருந்து தாயின் குரல் கேட்டது. யாரிடமும் அவள் சொல்லவில்லை, தனக்குள்ளே முணுமுணுத்தாள்.

"சாமீ... கவுன் ஆணியில மாட்டிக்கிச்சே... பின்னாடி ஆணியில மாட்டிக்கிச்சே..."

அந்த இடத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரர்கள், நேபாளிகள், பாகிஸ்தானியர்கள் யாருக்கும் அது புரியாது. எலிக்குப் புரிந்தது.

நான் எழுந்து நாலு காலில் நின்றேன். முன்னால் போகப் பார்த்தேன், போக முடியாத மாதிரி நின்றேன். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். என் வால்! அது எதிலோ மாட்டியிருக்கிறது! கையைப் பின்னால் கொண்டுபோய், வாலைப் பிடித்து, கொஞ்சம் பின்னால் நகர்ந்து, மேலே தூக்கி விடுவித்தேன். வால் வந்துவிட்டது. மல்லாந்து படுத்து, விடுபட்ட வாலை இரண்டு கையாலும் பிடித்து அவளுக்குக் காட்டினேன்.

அவள் என் வாலைப் பார்த்தாள். தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையைப் பின்னால் கொண்டு போனாள். கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். கீழே நின்ற யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. கவுன் நுனியைத் தூக்கினாள். வந்துவிட்டது. கிழிந்த நுனியைப் பிடித்து, நான் வாலைக் காட்டிய மாதிரியே எனக்குக் காட்டினாள்.

அதற்குப் பிறகு மேடை வரைக்கும் நாங்கள் நிற்கவே இல்லை. தாய் கையை நீட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிள்ளை அவள் மடிக்கே வந்து சேர்ந்த பிறகுதான் இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தாள். கை தட்டப் போனவர்களை மரிசெல் ஒரு பார்வையில் நிறுத்தினார்.

கீழே இறங்கியதும் இனியா என்னிடம் வந்தாள். நான் முட்டி போட்டிருந்தேன். அவள் என் வாலைத் தேடி எடுத்து, நுனி வரைக்கும் தடவிப் பார்த்தாள். காயம் ஏதும் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். தாய் என்னிடம் ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, புரியாது என்று நினைத்துக்கொண்டே தமிழில் சொன்னாள்: "நீ நல்லா இருக்கோணும், சாமி."

எனக்குக் கண்ணீர் வழிந்தது. எலித் தலைக்குள் அழுதால் துடைக்க முடியாது. முழங்கையில் அழுத்தம் வந்தது. கலாஸ்.

உடுப்பு அறையில் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். மரிசெல் எதிரே உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார்.

"கவுன் மாட்டியிருந்தது எப்படித் தெரிந்தது, பாய்?"

"அந்தம்மா தமிழ்ல சொன்னாங்க, மேடம். எங்க பாஷை."

"சரி. அந்த வால்? அதை யார் யோசித்தது?"

நினைத்து நினைத்துப் பார்த்தேன். வாலைப் பிடிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்த நொடி என்னிடம் இல்லவே இல்லை. கை போனது, அவ்வளவுதான்.

"தெரியல, மேடம்" என்றேன்.

மரிசெல் பக்கத்தில் மேசைமேல் இருந்த எலித் தலையைப் பார்த்தார். எழுந்து போகும்போது அதன் காது ஒன்றில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து, உள்ளே இருந்தவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று அந்தக் குடும்பம் கேட்டிருப்பதாக மரிசெல் சொன்னார். விதிப்படி முடியாது, ஆனால் நீ விரும்பினால் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோரை மட்டும் வரச் சொல்லலாம் என்றார். வேண்டாம் என்றேன். தாய்க்கு நான் யாரென்று தெரிந்துவிட்டால், அடுத்த தடவை மகளை எலியிடம் விடும்போது அவள் கண் என்னைத் தேடும். இனியா அதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன்.

ஆனால் அவர்களைப் பார்த்தேன். அடுத்த வருடம் செப்டம்பர் கடைசி, கராமாவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. விடுமுறை நாள், உட்கார இடமில்லாத கூட்டம். நான் ஒரு மேசையில் தனியாகத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இங்க யாராச்சும் வர்றாங்களா?"

நிமிர்ந்தால் அந்தத் தாய். கூடவே கணவர். இனியா அதற்குள் என் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடத்தில் வளர்ந்திருந்தாள். பெரியவர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். இனியா என் தட்டிலிருந்து ஒரு துண்டு தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அய்யோ, இனியா!" தாய் பதறிப்போனாள். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. அவளுக்குப் பேச்சு வராதுங்க. கேட்டு வாங்கத் தெரியாது."

"பரவால்லம்மா. சாப்பிடட்டும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இட்லி வந்தது. கணவர் ஊட்டிவிடப் பார்த்தார், அவள் தானே சாப்பிட்டாள். சுவரில் அக்டோபர் சலுகை விளம்பரம் ஒன்று, ஓரத்தில் ஒரு பூசணிக்காய்ப் படம். இனியா அதைக் காட்டி மேசையைத் தட்டினாள்.

"ஆமாங்கண்ணு, போலாம். அடுத்த மாசம் கண்டிப்பாப் போலாம்" என்று தாய் அவளிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பார்க்ல ஹாலோவீன் வருதுங்கண்ணா. அங்க ஒரு எலி இருக்குது. இவளுக்கு ஒரே ஃபிரெண்டு அதுதான். இவள மாதிரியே ஒரு வார்த்த பேசாது. ஆனா எல்லாம் புரிஞ்சுக்கும்."

நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இனியா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளும் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.